ஜி6பிடி: சிவப்பணுவைக் காக்கும் நொதி

1920-களில் மலேரியாவுக்குப் புதிதாக ஒரு மாத்திரை வந்தது. அதன் பெயர் பாமாகுவின். சாப்பிட்டவர்களில் பெரும்பாலானோர் தாங்கிக்கொண்டார்கள். சிலருக்கு மட்டும் இரண்டு மூன்று நாளில் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனது. கண் மஞ்சளானது, உடம்பு வெளுத்துத் தளர்ந்தது. மாத்திரையும் ஒன்றுதான், அளவும் ஒன்றுதான். அப்படியிருக்க இவருக்கு மட்டும் ஏன் இப்படி? இந்தக் கேள்விக்கு விடை கிடைக்க ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஆயின. நம் உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் இருக்கும் ஒரு நொதி அவர்களிடம் குறைவாக இருந்தது என்பதுதான் அந்த விடை.

அந்த நொதியின் முழுப்பெயர் குளுக்கோஸ்-6-பாஸ்பேட் டிஹைட்ரஜனேஸ். மருத்துவமனைகளில் சுருக்கமாக ஜி6பிடி என்பார்கள். நொதி என்பது உடம்புக்குள் ஒரு குறிப்பிட்ட வேதிவினையை வேகமாக நடத்திக்கொடுக்கும் புரதம். மனிதர்களிடம் காணப்படும் நொதிக் குறைபாடுகளில் மிகப் பரவலானது ஜி6பிடி குறைபாடுதான். உலகில் 40 கோடிக்கும் அதிகமானவர்களுக்கு இது இருக்கிறது. அவர்களில் பெரும்பாலானோர் எந்தத் தொந்தரவும் இல்லாமல், இப்படி ஒன்று தங்களிடம் இருப்பதே தெரியாமல் வாழ்ந்து முடிக்கிறார்கள். தொல்லை வருவது சில மருந்துகளும் சில பொருள்களும் உடம்புக்குள் போகும்போதுதான். அவற்றில் பலவற்றைத் தவிர்க்க முடியும். அதனால்தான் இதைப் பற்றித் தெரிந்துவைத்திருப்பது இவ்வளவு முக்கியம்.

முதலில், இந்த நொதிக்கு என்ன வேலை?

ஆக்சிஜன் இல்லாமல் நாம் உயிர்வாழ முடியாது. ஆனால் அதே ஆக்சிஜனிலிருந்து சில முரட்டு மூலக்கூறுகளும் உண்டாகின்றன. ஹைட்ரஜன் பெராக்சைடு அவற்றில் ஒன்று. புண்ணைக் கழுவும்போது நுரைத்து வருமே, அதேதான். செல்லுக்குள் இவை சேர்ந்தால் புரதங்களையும் செல்லின் மேல்சவ்வையும் சிதைத்துவிடும். இவற்றை அடக்க செல்லுக்குள் குளுட்டாதயோன் என்ற சிறிய மூலக்கூறு இருக்கிறது. அது பெராக்சைடைத் தண்ணீராக மாற்றிவிடும். ஆனால் அப்படி மாற்றும்போது தானும் ஒருமுறை செலவாகிவிடும். செலவான குளுட்டாதயோனை மீட்டு மறுபடி வேலைக்கு அனுப்ப என்ஏடிபிஹெச் என்ற இன்னொரு மூலக்கூறு தேவை. அந்த என்ஏடிபிஹெச்சைச் செய்து தருவதுதான் ஜி6பிடியின் வேலை. சாப்பாட்டிலிருந்து வரும் குளுக்கோஸில் ஒரு பங்கை வழக்கமான எரிபொருள் பாதையிலிருந்து ஒரு கிளைப் பாதைக்குத் திருப்பி விட்டு, அந்தப் பாதையின் முதல் படியிலேயே அதை உண்டாக்குகிறது.

எல்லா செல்லுக்கும் இது பொது. பிறகு ஏன் சிவப்பணு மட்டும் முதலில் அடிவாங்குகிறது? மற்ற செல்களுக்கு என்ஏடிபிஹெச் கிடைக்க வேறு வழிகளும் உண்டு. சிவப்பணுவுக்கு அந்த வசதி இல்லை. எலும்பு மஜ்ஜையில் முதிர்ந்து வெளியே வரும்போது அதற்குள் உட்கரு இல்லை, செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா இல்லை. உட்கரு இல்லாததால் புதிதாக ஒரு புரதமும் செய்துகொள்ள முடியாது. அடுப்பே இல்லாத ஊருக்குக் கட்டுச்சோற்றோடு கிளம்பியவரைப் போல, மஜ்ஜையில் கட்டிக்கொடுத்த நொதிகளை வைத்தே சுமார் 120 நாள் ஓட்டியாக வேண்டும். போதாக்குறைக்கு, அது நாள் முழுக்கச் சுமப்பதே ஆக்சிஜனைத்தான்.

வயது ஏற ஏற நல்ல சிவப்பணுவிலும் ஜி6பிடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். ஆனாலும் சமாளித்துவிடும். குறைபாடு உள்ளவரின் அணுவில் நொதி ஒன்று வேகமாகச் சிதைகிறது, அல்லது ஆரம்பத்திலிருந்தே வேலைத்திறன் குறைந்ததாக இருக்கிறது. சாதாரண நாளில் அதுவும் போதும். திடீரென்று பெராக்சைடு பெருகும்போதுதான் கையிருப்பு தீர்ந்துபோகிறது. குளுட்டாதயோன் மீளவில்லை என்றால் ஹீமோகுளோபின் கெட்டுச் சிறு கட்டிகளாகி, செல்லின் உட்சுவரில் ஒட்டிக்கொள்ளும். 1890-இல் இவற்றை விவரித்த ஜெர்மானிய மருத்துவரின் பெயரால் இவை ஹைன்ஸ் உருண்டைகள் எனப்படுகின்றன. மண்ணீரல் வழியாகப் போகும்போது அந்தக் கட்டியோடு சேர்த்து அணுவின் ஒரு துண்டும் பிய்க்கப்படும். நுண்ணோக்கியில் பார்த்தால் அப்படிப்பட்ட அணுக்கள் ஓரத்தில் கடிபட்டதைப் போலத் தெரியும். இன்னும் பல அணுக்கள் ரத்தக்குழாய்க்குள்ளேயே உடையும். வெளியே கொட்டிய ஹீமோகுளோபின் சிறுநீரகம் வழியாகப் போவதால் சிறுநீர் கறுக்கிறது. ஹீமோகுளோபின் உடைந்து பிலிருபின் என்ற மஞ்சள் நிறப் பொருள் ஆவதால் கண் மஞ்சளாகிறது. இப்படி சிவப்பணுக்கள் கூட்டமாக அழிவதை ரத்தச்சிதைவு என்கிறார்கள்.

இதைக் கண்டுபிடித்த விதம் அழகானது, அதே சமயம் மனதை உறுத்துவதும்கூட. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்க இராணுவத்துக்கு மலேரியா மருந்து அவசரமாகத் தேவைப்பட்டது. இல்லினாய் மாநிலத்தின் ஸ்டேட்வில் சிறையில், சிகாகோ பல்கலைக்கழக மருத்துவர்கள் கைதிகள் மேல் சோதனை நடத்தினார்கள். பாமாகுவினை விடப் பாதுகாப்பான பிரைமாகுவின் தேறி வந்தது. ஆனால் அதைச் சாப்பிட்ட கறுப்பினக் கைதிகளில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு ரத்தச்சிதைவு ஏற்பட்டது. கோளாறு ரத்த அணுவிலா, உடம்பில் வேறெங்காவதா?

1954-இல் இதற்கு ஒரு நேர்த்தியான சோதனை செய்தார்கள். பாதிக்கப்படும் ஒருவரின் சிவப்பணுக்களை எடுத்துக் கதிரியக்கக் குரோமியத்தால் அடையாளமிட்டு, மருந்தைத் தாங்கும் இன்னொருவருக்கு ஏற்றினார்கள். பிறகு அவருக்குப் பிரைமாகுவின் கொடுத்தார்கள். அடையாளமிட்ட அணுக்கள் மட்டும் வேகவேகமாக அழிந்தன, அவருடைய சொந்த அணுக்கள் அப்படியே இருந்தன. திருப்பியும் செய்து பார்த்தார்கள். தாங்குபவரின் அணுக்களைப் பாதிக்கப்படுபவரின் உடம்பில் விட்டபோது அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆக, கோளாறு அணுவுக்குள்தான். மருந்தை நிறுத்தாமல் தொடர்ந்தபோதும் சில நாளில் சிதைவு தானாக அடங்கியது. வயதான அணுக்கள் முதலில் அழிந்துவிட, நொதி ஓரளவு மிச்சமிருந்த இளம் அணுக்கள் நின்றுபிடித்தன. எல்லா வகைக் குறைபாட்டிலும் இப்படி அடங்கிவிடாது என்பது பின்னால் தெரியவந்தது. 1956-இல் பால் கார்சன் குழுவினர் அந்த அணுக்களில் குறைந்திருப்பது ஜி6பிடிதான் என்று காட்டினார்கள். சிறையில் இருப்பவர் தரும் சம்மதம் உண்மையில் சம்மதமா என்ற கேள்வி இன்றும் கேட்கப்படுகிறது, கேட்கப்படவும் வேண்டும். இன்று நமக்குப் பயன்படும் இந்த அறிவு அந்த மனிதர்களின் உடம்பிலிருந்து வந்தது.

சரி, குறைபாடு எப்படி வருகிறது? இது தொற்று இல்லை, சத்துக் குறைவும் இல்லை, பிறவியிலேயே வருவது. ஜி6பிடிக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆணுக்கு எக்ஸ் ஒன்றுதான், அதுவும் தாயிடமிருந்து வருவது. அதில் மரபணு மாறியிருந்தால் ஈடுகட்ட இன்னொன்று கிடையாது. அதனால் ஆண்களிடம் இது கூடுதலாகத் தெரிகிறது. மாறிய மரபணு தந்தையிடமிருந்து மகனுக்குப் போகாது, மகள்கள் எல்லோருக்கும் போகும்.

பெண்களுக்கு எக்ஸ் இரண்டு இருப்பதால் பயமில்லை என்று சிலர் சொல்வதுண்டு. அது முழு உண்மை இல்லை. பெண்ணின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸில் ஏதோ ஒன்று, அவள் கருவாக இருக்கும்போதே வேலை செய்யாமல் அடைக்கப்பட்டுவிடும். எனவே ஒரு மரபணு மட்டும் மாறிய பெண்ணின் ரத்தத்தில் நல்ல அணுக்களும் குறையுள்ள அணுக்களும் கலந்தே ஓடும். எது எவ்வளவு என்பது ஆளுக்கு ஆள் மாறும். சிலருக்குக் குறையுள்ளவையே மிகுந்து, ஆண்களுக்கு நேர்வதைப் போலவே பாதிப்பு நேரலாம்.

இவ்வளவு தொல்லை தரும் ஒரு மரபணு மாற்றம் ஏன் கோடிக்கணக்கானவர்களிடம் நிலைத்துவிட்டது? உலக வரைபடத்தில் பார்த்தால் ஆப்பிரிக்கா, மத்தியதரைக் கடலோரம், மேற்கு ஆசியா, இந்தியா, தென்கிழக்கு ஆசியா என்று, மலேரியா காலங்காலமாக ஆட்டிப்படைத்த இடங்களிலெல்லாம் இது மிகுதி. இத்தாலியின் சார்டினியா தீவில் மலேரியா மிகுந்திருந்த சமவெளிக் கிராமங்களில் குறைபாடு அதிகமாகவும், மலைக் கிராமங்களில் குறைவாகவும் இருந்தது. மலேரியா ஒட்டுண்ணி சிவப்பணுவுக்குள் புகுந்து வளர்வது. ஏற்கெனவே பெராக்சைடைச் சமாளிக்கத் திணறும் அணுவில் அதனால் சரியாக வளர முடிவதில்லை, அப்படிப்பட்ட அணுவை உடம்பும் சீக்கிரம் களைந்துவிடுகிறது. கடும் மலேரியாவிலிருந்து ஓரளவு தப்பியவர்கள் வழியாக இந்த மாற்றம் தலைமுறை தலைமுறையாக வந்திருக்கிறது. இந்தியாவில் மத்தியதரை, கேரளா-கல்யாண், ஒரிசா என்ற மூன்று வகைகள் முக்கியமானவை. ஒரிசா வகை பெரும்பாலும் பழங்குடி மக்களிடம் காணப்படுகிறது.

வீட்டில் உள்ளவர்கள் மிக அவசியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது பச்சைக் குழந்தை விஷயம். பிறந்த இரண்டாம் மூன்றாம் நாளில் குழந்தைக்கு லேசாக மஞ்சள் தட்டுவது சகஜம், தானே இறங்கிவிடும். ஜி6பிடி குறைவாக உள்ள குழந்தைக்கு அது வேகமாக ஏறக்கூடும். பச்சைக் குழந்தையின் கல்லீரலால் அவ்வளவு பிலிருபினைக் கழிக்க முடியாது. அளவு மீறினால் அது மூளைக்குள் படிந்து, காது கேளாமையும் நிரந்தரமான கைகால் இயக்கக் குறைபாடும் வரலாம், உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். நேரத்தோடு கண்டுகொண்டால் நீல விளக்குக்கு அடியில் படுக்கவைப்பதே பெரும்பாலும் போதும். ரொம்பவும் ஏறிவிட்டால் குழந்தையின் ரத்தத்தை வெளியே எடுத்துக்கொண்டே வேறு ரத்தம் ஏற்றுவார்கள். காலையில் இளவெயில் காட்டினால் போதும் என்று வீட்டில் சொல்லிக்கொண்டு நாளைக் கடத்துவது இந்த மாதிரிக் குழந்தைகளுக்குப் பெரிய ஆபத்து. மஞ்சள் வயிறு, தொடை என்று கீழே இறங்கினாலோ, குழந்தை பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலோ உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

அப்புறம் அந்துருண்டை. பாச்சை உருண்டை என்றும் சொல்வார்கள். பெட்டியில், பீரோவில் துணிக்கு நடுவே போட்டு வைக்கும் அந்த வெள்ளை உருண்டை பெரும்பாலும் நாப்தலீன். மூத்த பிள்ளைக்குப் போட்ட சட்டை, தொப்பி, பாட்டியின் பழைய பருத்திச் சேலை, கம்பளி என்று ஆசையாக எடுத்து வைத்ததைப் பிறந்த குழந்தைக்குப் போர்த்துவது நம் வீடுகளில் வழக்கம். நாப்தலீன் ஆவி மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் உள்ளே போகும். எண்ணெய் தடவிய தோலில் இன்னும் எளிதாகப் போகும். உடம்புக்குள் போனதும் அது மாறும் பொருள் சிவப்பணுவைத் தாக்கக்கூடியது. ஜி6பிடி குறைந்த குழந்தைக்கு மஞ்சள் எகிறிவிடும். குழந்தை வரப்போகிற வீட்டில் அந்துருண்டையை எடுத்து எறிந்துவிட்டு, துணிகளை நன்றாகத் துவைத்து, வாசனை போகும்வரை வெயிலில் காயவைத்த பிறகே பயன்படுத்துங்கள். செலவில்லாத வேலை. குழந்தைக்குக் குறைபாடு இருக்கிறதா இல்லையா என்று தெரிவதற்கு முன்னாலேயே செய்துவிடலாம். குழந்தையின் கைகாலில் மருதாணி வைப்பதையும் தவிர்ப்பது நல்லது. ஜி6பிடி குறைந்த குழந்தைகளுக்கு அதனாலும் கடும் ரத்தச்சிதைவு வந்திருக்கிறது.

மூலிகை என்றாலே பக்கவிளைவு இல்லை என்று நம்புகிறவர்கள் இதையும் கவனிக்க வேண்டும். நம் ஊர் வேலியோரத்தில் வளரும் குப்பைமேனி சிவப்பணுவை உடைத்திருக்கிறது. குப்பைமேனி சேர்த்துக் காய்ச்சிய சாற்றைக் குடித்த ஜி6பிடி குறைபாடுள்ளவர்களுக்குக் கடும் ரத்தச்சிதைவு வந்ததை இலங்கை மருத்துவர்கள் 1990-களிலேயே எழுதியிருக்கிறார்கள். மற்றவர்களுக்கு ஒத்துக்கொள்வது இவர்களுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

உணவில் பேர்போன எதிரி ஃபாவா என்ற அவரை வகை. எகிப்திலும் ஈரானிலும் இத்தாலியிலும் விரும்பிச் சாப்பிடுவார்கள், வட இந்தியாவில் பாக்லா என்ற பெயரில் கிடைக்கும். அதிலுள்ள வைசின், கான்வைசின் என்ற பொருள்கள் வயிற்றுக்குள் மாறி சிவப்பணுவைத் தாக்குகின்றன. சாப்பிட்ட ஓரிரு நாளில் ரத்தச்சிதைவு தொடங்கும், சிறு பையன்களுக்கே அதிகம் நேர்கிறது. தாய் சாப்பிட்டால் பால் வழியாகக் குழந்தைக்கும் போகும். நாம் பொரியல் வைக்கும் அவரைக்காயும் குழம்பில் போடும் மொச்சையும் வேறு செடி. பெயர்க் குழப்பத்தால் அவற்றை ஒதுக்கத் தேவையில்லை. இணையத்தில் உலவும் சில பட்டியல்கள் பருப்பு வகை எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்கின்றன. அதை நம்பி வளரும் பிள்ளையின் புரதத்தைக் குறைத்துவிடக் கூடாது.

மருந்துப் பட்டியல்களும் அப்படித்தான், தேவைக்கு மேல் நீளமாக இருக்கும். உறுதியாகத் தெரிந்தவை சில: மலேரியாவுக்கான பிரைமாகுவின், தஃபெனோகுவின், தொழுநோய்க்குக் கொடுக்கும் டாப்சோன், புற்றுநோய்ச் சிகிச்சையின்போது யூரிக் அமிலத்தைக் குறைக்கும் ராஸ்புரிகேஸ், மெத்திலீன் நீலம், சிறுநீர்த் தொற்றுக்கான நைட்ரோஃபியூரன்டாயின். ராஸ்புரிகேஸ் யூரிக் அமிலத்தை உடைக்கும்போதே ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகிறது. ஜி6பிடி இல்லாதவருக்கு அதை ஏற்றுவது எவ்வளவு ஆபத்து என்று இதுவரை படித்த உங்களுக்கே புரியும். காய்ச்சலுக்கு வழக்கமான அளவில் பாராசிட்டமால் போட்டுக்கொள்ள பொதுவாகத் தடையில்லை. மருந்து மட்டுமல்ல, டைபாய்டு, நிமோனியா போன்ற தொற்றுகளும் ரத்தச்சிதைவைத் தூண்டும்.

பிரைமாகுவின் விஷயத்தில் மருத்துவர்களுக்கு உண்மையிலேயே ஒரு சங்கடம் இருக்கிறது. இந்தியாவில் பரவலாக உள்ள வைவாக்ஸ் மலேரியாவின் ஒட்டுண்ணி கல்லீரலில் ஒளிந்து உறங்கும், மாதங்கள் கழித்து மறுபடி கிளம்பும். அந்த உறங்கும் ஒட்டுண்ணியைக் கொல்லும் மருந்துகள் பிரைமாகுவினும் அதன் வகையைச் சேர்ந்த தஃபெனோகுவினும்தான். எடையில் கிலோவுக்கு 0.25 மில்லிகிராம் வீதம் 14 நாள் பிரைமாகுவின் கொடுப்பது இங்குள்ள வழக்கம். ஜி6பிடி குறைந்தவர்களுக்கு வாரம் ஒருமுறை கிலோவுக்கு 0.75 மில்லிகிராம் வீதம் 8 வாரம், அதுவும் நெருங்கிய கண்காணிப்பில், கொடுக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தஃபெனோகுவின் ஒரே வேளை மருந்து, ஆனால் உடம்பில் பல வாரம் தங்கும். நொதி இயல்பில் 70 சதவீதத்துக்கு மேல் இருப்பதைச் சோதித்த பிறகே கொடுக்க வேண்டும். பிரைமாகுவின் சாப்பிடும்போது சிறுநீர் கறுத்தால் மாத்திரையை அத்தோடு நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

சர்க்கரை நோயாளிகளுக்கு ஒரு தனிச் செய்தி. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி சோதனை, சிவப்பணுவில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்று பார்க்கிறது. அணு சீக்கிரம் அழிந்தால் ஒட்டுவதற்கு நாள் போதாது, அளவு பொய்யாகக் குறைந்து தெரியும். விரல் நுனியில் குத்திப் பார்க்கும் சர்க்கரை எப்போதும் அதிகமாக இருந்தும் ஹெச்பிஏ1சி மட்டும் நல்லபடியாக வந்துகொண்டிருந்தால், அதை மருத்துவரிடம் சொல்லி ஜி6பிடியும் பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள்.

குறைபாட்டை நேரடியாகச் சரிசெய்யும் மருந்து இன்னும் நோயாளிகளின் கைக்கு வரவில்லை. 2018-இல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள், மாறிப்போன நொதியையும் நன்றாக வேலை செய்யவைக்கும் ஒரு சிறு மூலக்கூறைக் கண்டறிந்து ஏஜி1 என்று பெயரிட்டார்கள். இது ஆய்வுக்கூட அளவிலான முயற்சி. அரிதான சில கடும் வகைகளில் எந்தத் தூண்டுதலும் இல்லாமலே ரத்தம் சிதைந்துகொண்டே இருக்கும். கிருமியைக் கொல்ல வெள்ளணுக்களுக்கும் என்ஏடிபிஹெச் தேவை என்பதால் அவர்களில் சிலருக்கு அடிக்கடி தொற்றும் வரும். அவர்களுக்காவது இந்த வழி சீக்கிரம் திறக்க வேண்டும்.

சோதனை எளிது, கொஞ்சம் ரத்தம் போதும். எப்போது எடுக்கிறோம் என்பதில்தான் கவனம் வேண்டும். ரத்தச்சிதைவு நடந்த சூட்டோடு எடுத்தால், குறையுள்ள வயதான அணுக்கள் அழிந்து நொதி மிகுந்த இளம் அணுக்களே மிஞ்சியிருக்கும், முடிவு இயல்பு என்று வந்துவிடலாம். அதனால் சுமார் மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ரத்தம் ஏற்றியிருந்தாலும் அப்படித்தான், அது கொடையாளியின் நொதியைக் காட்டும். பெண்களுக்கு ‘உண்டு, இல்லை’ என்று மட்டும் சொல்லும் சோதனை போதாது, அளவைச் சொல்லும் சோதனையே கேளுங்கள். குறைபாடு உறுதியானால் அந்த முடிவின் நகலை எப்போதும் கையில் வைத்திருந்து, பல் பிடுங்கப் போனால்கூட முதலில் காட்டுங்கள். ஒரு பையனுக்கு இருப்பது தெரிந்தால் அவனுடைய அம்மா, உடன்பிறந்தவர்கள், தாய்மாமன்கள், பெரியம்மா, சித்தி, அவர்களின் பிள்ளைகள் எல்லோரும் ஒருமுறை சோதித்துக்கொள்ள வேண்டும், குறிப்பாக அந்த வழியில் யாராவது குழந்தைக்குக் காத்திருந்தால்.